என் இரு பிள்ளைகளுக்கும் துணை நின்றவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

என் மகனுக்குக் கடைசியாக வலிப்பு வந்து இந்த மாதத்தோடு 2 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மாத்திரையை மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கும் இவ்வேளையில், எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி அவனுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு. அவன் கை கால் வெட்டிக் கீழே விழுந்ததே இல்லை. சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்றுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் விட்ட வேலையைத் தொடர்வான். நாங்கள் அதைப் பராக்கு என்றே நினைத்துத் திட்டினோம். சொல்வதெழுதுதல் நோட்டில் ஒரு வரியின் நடுவே மூன்று சொற்கள் விடுபட்டு, அந்த இடத்தில் பென்சில் கோடு கீழ்நோக்கி இழுபட்டுக் கிடந்ததைக் காட்டி, "இது கவனக்குறைவு இல்லைங்கம்மா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னவர் அவர்தான்.

நரம்பியல் மருத்துவர் அவன் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, காற்றாடி நின்றது, பிள்ளையின் பார்வையும் நின்றது. வேகமாக மூச்சுவிடும்போது இவ்வகை வலிப்பு தூண்டப்படும் என்பதையும், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி சோதனையில் நொடிக்கு மூன்று முறை எழும்பிய கூர்அலைகளின் பொருளையும் எனக்குப் புரியும்வரை விளக்கிய அவருக்கும், ஒரு வேளை மருந்தும் தவறாதபடி ஒரே நிறுவனத்தின் வால்புரோயேட் என்னும் வலிப்பு மாத்திரையை முன்கூட்டியே வரவழைத்து வைத்த மருந்துக்கடைத் தம்பிக்கும் என் நன்றி.

"தங்கச்சியைப் பாரு" என்பது எங்கள் வீட்டில் காலை மாலை ஒலித்த சொல். வலிப்பு நின்ற பிறகும் அவன் கணக்கில் பின்தங்கியபோது அது இன்னும் கூடியது. அப்போது எங்களைச் சந்தித்த உளவியலாளர், ஒப்பிடுவதென்றால் முறையாக ஒப்பிடுவோம் என்று சொல்லி இருவரையும் சோதித்தார். ஊரார் பிள்ளையோடு ஒப்பிட்டால் வசதியும் வளர்ப்பும் பள்ளியும் கலந்து குழப்பும் என்றும், ஒரே வீட்டில் ஒரே சோறு உண்டு வளர்ந்த உடன்பிறப்பு என்றால், அவரவர் வயதுக்கு ஏற்ற அளவுகோலில் பார்க்கும்போது, நோய் எதைப் பாதித்தது என்பதை ஓரளவு பிரித்தறியலாம் என்றும் விளக்கினார். அறிவிலும் சொல்வளத்திலும் இருவரும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். நெடுநேரம் கவனத்தை ஒன்றில் நிறுத்துவதில் மட்டுமே அவன் தடுமாறினான். வலிப்பு கட்டுப்பட்ட பிறகும் சில பிள்ளைகளிடம் இந்தச் சிரமம் நீடிக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். என் மகன் சோம்பேறி இல்லை என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்ததற்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தேர்வில் கூடுதல் நேரம் அளித்த தலைமையாசிரியருக்கும் நன்றி.

அதே சோதனையின்போது என் மகளையும் அவர் தனியே உட்காரவைத்துப் பேசினார். அன்று மாலை அவளுடைய பையின் அடியில், நான்காக மடித்த இரண்டு கணக்குத் தேர்வுத் தாள்களைக் கண்டேன். இரண்டிலும் முழு மதிப்பெண். காட்டினால் அண்ணனுக்குத் திட்டு விழும் என்று ஒளித்து வைத்திருக்கிறாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தாள் வந்த அன்றே என் கையில் கொடுக்கிறாள். அவளுக்கும் என் நன்றி.

நன்றியுடன்,
ஒரு தாய்