நொடிமுள் பின்னால் ஓடிய கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். வேலை நெருக்கடியில் நாட்கள் ஓடிவிட்டன. உன் மகள் உலாவியிலேயே நிரல் எழுதிப் பழகுவதாகவும், அங்கே அழகாகத் தெரியும் பக்கம் சொந்தக் கணினிக்கு வந்ததும் குலைந்துபோவதால் சோர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். தவறு அவளுடையது அன்று என்பதை முதலில் அவளிடம் சொல்.

உலாவியிலேயே நிரல் எழுதிப் பார்க்க உதவும் கோட்பென் போன்ற தளங்களில், பக்கத்தின் உள்ளடக்கத்துக்கான எச்டிஎம்எல், தோற்றத்துக்கான சிஎஸ்எஸ், செயலுக்கான ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கு மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் நாம் எழுதுவது பக்கத்தின் உடல் பகுதியை மட்டுமே. பக்கம் எவ்வகை என்று உலாவிக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு, தலைப்பகுதி, மற்ற இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு ஆகியவற்றைத் தளமே சேர்த்து, முழுப் பக்கமாக்கி, ஐஃப்ரேம் எனப்படும், பக்கத்துக்குள் பதித்த ஒரு சட்டத்துக்குள் ஓட்டிக் காட்டுகிறது. அவள் மூன்று கட்டங்களையும் மூன்று கோப்புகளாக நகலெடுத்திருப்பாள். இணைக்கும் வரிகள் இல்லாததால் நிறமும் போயிருக்கும், பொத்தானும் வேலை செய்திருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைக்கும் ஸ்கிரிப்ட் வரியைத் தலைப்பகுதியில் சேர்த்தாலும், பொத்தான் உருவாகும் முன்பே நிரல் ஓடிவிடுவதால், அப்படி ஒரு பொத்தானே இல்லை என்று பிழை வரும். அந்த வரியில் ‘டிஃபர்’ என்ற சொல்லைச் சேர்த்தால், பக்கம் உருவான பிறகே நிரல் ஓடும், சிக்கல் தீர்ந்துவிடும். கைபேசியில் எழுத்துகள் எறும்பளவு தெரிந்தால், பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இதற்காக அத்தளங்களை விட்டுவிடச் சொல்லாதே. பிறர் செய்ததை ஃபோர்க் செய்து, அதாவது நமக்கென ஒரு பிரதி எடுத்து, கலைத்துப் பார்ப்பதைப் போல எனக்குக் கற்றுத் தந்தது வேறெதுவும் இல்லை. யாரோ செய்திருந்த ஒரு கடிகாரத்தை அப்படி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் முடியும் தருணத்தில் நொடிமுள் சட்டென்று பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றி மீண்டது. 59ஆம் நொடியில் 354 பாகையில் நிற்கும் முள்ளை அடுத்த நொடியில் 0 பாகைக்குப் போகச் சொன்னால், சிஎஸ்எஸ் அதை வட்டமாகப் பார்ப்பதில்லை. 354இலிருந்து இறங்கும் எண்ணாகவே பார்க்கிறது. கோணத்தை 0க்குத் திருப்பாமல் நொடிக்கு 6 பாகை கூட்டிக்கொண்டே போனதும் முள் ஒழுங்காக ஓடியது. அன்று இரவு தூங்க வெகு நேரமாயிற்று, அது வேறு கதை.

ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் சூழலைக் கற்கும் காலம் வரும்போது ஸ்டேக்பிளிட்ஸ் என்ற தளத்தைக் காட்டு. 2021இல் அவர்கள் கொண்டுவந்த வெப்கன்டெய்னர் தொழில்நுட்பத்தால், பெரும்பாலும் சர்வரில் ஓடிவந்த அச்சூழல் உலாவித் தாவலுக்குள்ளேயே ஓடுகிறது.

பகிர்வது பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இரு. கோட்பெனில் பொதுவில் வைக்கும் பென், அதாவது நாம் செய்த படைப்பு, எம்ஐடி உரிமத்தின் கீழ் வந்துவிடுகிறது. அதாவது, உரிமக் குறிப்பை விடாமல் யாரும் அதை எடுத்தாளலாம். ஒருமுறை நான் வானிலைத் தகவல் காட்டும் பக்கமொன்றைப் பொதுவில் போட்டேன். அந்தத் தகவலைப் பெற எனக்கென்று தந்திருந்த ரகசியக் குறியீடான ஏபிஐ சாவி ஜாவாஸ்கிரிப்ட் கட்டத்தின் மூன்றாவது வரியில் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. அது என் அசட்டுத்தனம்தான். சாவியை ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. உலாவிக்கு அனுப்பும் எதுவும் ரகசியம் ஆகாது என்பது அன்றுதான் உறைத்தது.

அவள் செய்பவற்றுக்குக் கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். இதேபோல் பலரும் பிரியமாகப் பயன்படுத்திய கிளிட்ச் என்ற தளம் 2025 ஜூலையில் திட்டங்களை ஓட்டித் தரும் சேவையை நிறுத்திக்கொண்டது.

அந்தக் கடிகாரத்தின் இணைப்பைத் தனியே அனுப்புகிறேன். திருத்தாத பழைய வடிவத்தையே அனுப்புகிறேன். நொடிமுள்ளைப் பற்றி அவளிடம் வாய் திறக்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்