உன் மாப்பிள்ளை கேட்டதற்கு

தண்டையார்பேட்டை,
மே 24.

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு வேறு டாக்டரிடம் காட்டப்போவதாக எழுதியிருந்தாயே, அதை முதலில் செய்யடி. பேத்தி தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்று கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓடுவதால் திருவொற்றியூர் கோயிலுக்கு இப்போதெல்லாம் நான் தனியாகவே போய் வருகிறேன். காசிமேட்டில் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான், விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "இயற்கையில் சுயநலம் மட்டும்தான் உண்டு, உதவி என்பதெல்லாம் வேஷம், பரிணாமம் இதை நிரூபித்துவிட்டது" என்று உன் மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் சொன்னாராம். நீ வாயடைத்துப் போய், இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தினாயே, இது உண்மையா என்று என்னைக் கேட்கிறாய். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. அந்தப் பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் தப்பு.

டார்வினுக்கே இது தொண்டையில் சிக்கிய முள்தான். 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தில் வேலைக்கார எறும்புகளைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் இது தன் கோட்பாட்டையே சாய்த்துவிடும் போலத் தோன்றியது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். சந்ததி இல்லாத எறும்பு நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைக்கு உழைக்கிறது. அந்த உழைக்கிற குணத்தை அது யாருக்குக் கடத்தும்? இயற்கைத் தேர்வு தனி உயிர் மேல் மட்டும் நடப்பதில்லை, குடும்பத்தின் மேலும் நடக்கலாம் என்று ஒரு பதில் சொன்னார். ஆனால் எந்த உறவில் எவ்வளவு பொது என்று பங்கு போட்டுக் காட்ட அவரிடம் மரபியல் இல்லை.

நீ இருக்கிற ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, தெரியுமா? ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெரிய மரபியல் அறிஞர் 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா வந்தார். இந்தியக் குடிமகனானார். 1962இல் உன் புவனேஸ்வரத்துக்குப் போய் அங்கே ஆய்வுக்கூடம் நடத்தி, 1964 டிசம்பர் 1ஆம் தேதி அங்கேயே இறந்தார். உடலைக் கூடக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். தம்பிக்காக உயிரைக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "ஒருத்தனுக்காக மாட்டேன், இரண்டு தம்பிகளுக்காக, இல்லை எட்டு ஒன்றுவிட்ட தம்பிகளுக்காகக் கொடுப்பேன்" என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தவரோடு நமக்குப் பாதி மரபணு பொது, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளோடு எட்டில் ஒன்று. (அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறையாகக் கட்டிக்கொண்ட நம் பக்கத்து வீடுகளில் இந்த எட்டில் ஒன்று இன்னும் கூடும். என் வகுப்புப் பெண்கள் அவரவர் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள்.)

ஹால்டேன் இறந்த அதே வருஷம் டபிள்யூ.டி. ஹாமில்டன் என்ற இளைஞர் இதை விதியாகவே எழுதினார். உதவியால் உறவுக்காரருக்குக் கிடைக்கிற பலனை உறவின் பங்கால் பெருக்கு. அது உதவுகிறவருக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் குணம் தலைமுறை தாண்டிப் பரவும். இவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் எழுதுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிலிர்க்கும்.

எறும்பு, தேனீ, குளவி இனத்தில் ஆண்கள் கருவுறாத முட்டையிலிருந்து வருவதால், தகப்பன் தன் மரபணு முழுவதையும் எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறது. அதனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகளுக்குள் நாலில் மூன்று பங்கு பொது, சொந்தப் பிள்ளையோடு பாதிதான். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ராணித் தேனீ பல ஆண்களோடு கூடுகிறது, அப்போது அந்தப் பங்கு குறைந்துவிடும். கரையானில் இந்த ஏற்பாடே கிடையாது, ஆனாலும் புற்றில் கூடி வாழ்கிறது. ஹாமில்டன் விதி அப்படியே நிற்கிறது. நாலில் மூன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது, அவ்வளவுதான்.

இதில் என் மனசுக்கு நெருக்கமானது நம் நாட்டுக் குளவி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் மண்ணை அப்புகிறதே, அந்தக் குளவி இல்லை. மரநாரை மென்று காகிதம் மாதிரிக் கூடு கட்டுவது. இதில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வித்தியாசம் கிடையாது. வேலைக்காரி நினைத்தால் தனியாகப் போய்த் தன் கூடு கட்டி முட்டையிடலாம். அப்படிப் போகிறவையும் உண்டு. ஆனாலும் பல குளவிகள் தங்கி, அடுத்தவள் பிள்ளையை வளர்க்கின்றன. ஒரே கூட்டில் இருப்பவற்றின் உறவைக் கணக்கிட்டுப் பார்த்தால் நாலில் மூன்றுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. அப்புறம் ஏன் தங்கவேண்டும்? கடக்கர் ஒரு காரணம் சொன்னார். தனியாகக் கூடு கட்டிய குளவி, புழு வளர்ந்து முடிவதற்குள் செத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கூட்டமாக இருக்கிற கூட்டில், ஒருத்தி பாதி வளர்த்துவிட்டுச் செத்தாலும் மீதியை இன்னொருத்தி வளர்ப்பாள். அரைகுறை வேலைக்கும் பலன் உண்டு.

இன்னொன்றும் பார்த்தார். இந்த ராணி சாது. யாரையும் மிரட்டுவதில்லை. ராணியை எடுத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் வேலைக்காரிகளில் ஒருத்தி ஆக்ரோஷமாக மாறி மற்றவற்றை விரட்ட ஆரம்பிப்பாள். அவள்தான் அடுத்த ராணி. சில நாளில் முட்டையிடத் தொடங்கியதும் அவளும் சாதுவாகிவிடுவாள். சேர்ந்து வாழ்வதற்குள்ளேயே போட்டியும் இருக்கிறது, போட்டி முடிந்ததும் அடங்குகிறது. இதைப் பார்த்த பிறகு "சுயநலமா, ஒத்துழைப்பா, ஒன்றைச் சொல்" என்று யாராவது கேட்டால் எனக்குக் கேள்வியே சரியாகப் படவில்லை.

சொந்தம் இல்லாதவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று உன் மாப்பிள்ளை கேட்பார். 1971இல் ராபர்ட் டிரைவர்ஸ் அதற்கு வழி காட்டினார். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. 1984இல் ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டா ரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால்களில் இதைப் பார்த்தார். இரண்டு மூன்று ராத்திரி இரை கிடைக்காவிட்டால் அந்த வௌவால் செத்துவிடும். பட்டினியாகத் திரும்பியதற்கு, வயிறு நிறைந்தது தன் வாயிலிருந்து ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. அவரும் ஜெரால்ட் கார்ட்டரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், யார் யாருக்கு ஊட்டுகிறது என்பதை உறவைவிட, முன்பு யார் யாருக்கு ஊட்டியது என்பதே நன்றாகச் சொன்னது.

உங்கம்மா நம் தெருவில் நடத்திய குலுக்கல் சீட்டு மாதிரிதான் இது. முதல் மாசமே சீட்டு விழுந்தவர், அடுத்த மாசம் பணம் கட்டாமல் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனால் அவருக்கு லாபம்தானே? ஆனால் பெரும்பாலும் யாரும் போகவில்லை. புதுசாகக் குடிவந்தவர்களை உங்கம்மா உடனே சேர்க்க மாட்டார். எந்த ஊர், யார் வீட்டு மனுஷர், எங்கே வேலை என்று தெரிந்த பிறகுதான். திரும்பத் திரும்ப முகத்தில் விழிக்க வேண்டும், ஆளை அடையாளம் தெரிய வேண்டும், ஏமாற்றினால் தெருவுக்கே தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சீட்டு நடக்கும். டிரைவர்ஸ் சொன்ன நிபந்தனைகளும் கிட்டத்தட்ட இவைதான்.

பிறகு ராபர்ட் ஆக்சல்ராட் கணினியில் ஒரு போட்டி வைத்தார். திரும்பத் திரும்பச் சந்திக்கிற இரண்டு பேர், ஒத்துழைக்கலாம், ஏமாற்றலாம். நிபுணர்கள் அனுப்பிய நீளமான திட்டங்களையெல்லாம் அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சின்னத் திட்டம் வென்றது. முதலில் நல்லபடி நட, அப்புறம் எதிராளி போன தடவை செய்ததையே செய். இரண்டாவது தடவை போட்டி வைத்தபோதும் அதுவே ஜெயித்தது. ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே ஒரு தடவை தப்பாகப் புரிந்துகொண்டால் பழிக்குப் பழி நிற்காமல் ஓடும். வலை அறுந்ததற்கு யார் காரணம் என்று ஆரம்பித்து இரண்டு குப்பங்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோமே. 1992இல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும், தவறு நடக்கக்கூடிய உலகத்தில், அவ்வப்போது மன்னித்து விடுகிற திட்டம் நிலைக்கிறது என்று காட்டினார்கள். மன்னிப்புக்குக் கணக்கிலேயே இடம் இருக்கிறது என்று படித்த அன்றைக்கு நான் ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்குப் போகவேண்டும். என் நாத்தனார் வீடு அந்தப் பக்கம்தான். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும். எல்லோரும் அங்கேயே வலை கட்ட நினைத்தால் தினமும் அடிதடிதான். அதனால் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தலைக்கட்டாகக் கணக்கில் உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எப்போது எந்த இடம் என்று முறை போட்டுக்கொள்வார்கள். துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்கள் இதே மாதிரி சீட்டுப் போட்டு, தினமும் இடம் மாறிப் பிடிப்பதைப் பற்றி எலினோர் ஆஸ்ட்ரம் எழுதியிருக்கிறார். 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்து என்றால் எல்லோரும் சூறையாடி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதியதற்கு, உலகம் முழுக்க இருந்து உதாரணங்களைச் சேர்த்துப் பதில் சொன்னவர்.

அங்கே காவல் யார் என்று பார். தன் முறை வந்தவன் விடியும் முன்னே தன் இடத்தில் போய் நிற்பான். அவன் இடத்தில் வேறொருவன் வலை போட்டால் முதலில் சத்தம் போடுவது அவன்தான். அவனுக்குப் பொதுநலம் பற்றிய பிரசங்கம் தேவையில்லை, தன் இறால் போய்விடக் கூடாது என்கிற அக்கறையே முறையைக் காப்பாற்றுகிறது. நாளைக்கு அடுத்தவன் முறையை அவன் மதிப்பதும் அதனால்தான். காசிமேட்டுத் தடைக்காலத்துக்கு இந்த வசதி இல்லை. கடல் பெரியது, யார் எங்கே போனார் என்று பார்க்க முடியாது. அதனால் சட்டமும் ரோந்தும் தேவைப்படுகின்றன. அப்படியும் இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற, தடை செய்த இரட்டை மடி வலையைத் திருட்டுத்தனமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த வருஷம் எல்லோருக்கும் மீன் குறைகிறது.

ஆனால் ஸ்டெல்லா, இந்தப் பாடு முறையைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேச எனக்கு மனசு வரவில்லை. அது யாருக்கு இல்லை என்றும் பார்க்க வேண்டும். பாடு இல்லாத ஊர்க்காரர்களுக்கு அந்த நல்ல இடங்கள் கிடையாது. இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பெண்களுக்குப் பங்கே கிடையாது, மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை நடத்துவது அவர்கள்தான் என்றாலும். உள்ளே எவ்வளவு ஒற்றுமையோ, வெளியே அவ்வளவு உயரமான வேலி. 2007இல் ஜுங்-க்யூ சோயும் சாமுவேல் பவுல்ஸும் கணினியில் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். தன் கூட்டத்துக்காகத் தியாகம் செய்கிற குணமும், வெளியாரைப் பகைக்கிற குணமும் தனித்தனியாக நிலைப்பது கஷ்டம், இரண்டும் கைகோத்து வளர முடியும் என்று வந்தது. உன் மாப்பிள்ளை சுயநலத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்கு அதைவிட இந்தக் கூட்டு நலம்தான் பயமாக இருக்கிறது. சாதிச் சண்டையில் கத்தி தூக்குகிற பையன் தனக்காகத் தூக்குவதில்லை.

கடைசியாக, 2015 டிசம்பர் வெள்ளம். நம் கடலோரக் குப்பத்துப் பையன்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்ற தெருக்களுக்குப் போனார்கள். மீட்கப்பட்டவர்கள் சொந்தமும் இல்லை, மறுபடி பார்க்கப்போகிறவர்களும் இல்லை. ஹாமில்டன் கணக்கும் டிரைவர்ஸ் கணக்கும் நேராக இதற்குப் பொருந்தாது. உன் மாப்பிள்ளையின் தப்பு இங்கேதான் இருக்கிறது. 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'சுயநல மரபணு' என்ற புத்தகத்தில் சொன்ன சுயநலம் மரபணுவினுடையது. எந்த மரபணு அடுத்த தலைமுறையில் கூடுதலாக இருக்கும் என்கிற வரவு செலவுதான் அது. மரபணுவுக்கு மனசு கிடையாது, அதனால் அது வேஷம் போடவும் முடியாது. மனசு இருப்பது நமக்கு. பட்டினி வௌவாலுக்கு ஊட்டுகிற வௌவால் லாப நஷ்டம் பார்த்து ஊட்டுவதாக யாரும் காட்டவில்லை. இரக்கம் எப்படி உண்டாயிற்று என்பதற்குப் பரிணாமம் பதில் சொல்கிறது. உண்டான பிறகு அது நிஜமான இரக்கம்தான். சொந்தத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் என்று உருவான அந்த மனசு, மாடியில் நின்று கத்துகிற முன்பின் தெரியாதவரைப் பார்த்தும் பதறுகிறது. படகை எடுத்துக்கொண்டு போன பையன்களிடம் "உன் மரபணு செய்த தந்திரம் இது" என்று சொல்ல எனக்கு வாய் வராது, அறிவியலும் அப்படிச் சொல்லவில்லை.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. அவருக்கு ஒப்புதல் இல்லை என்றால் எனக்கே எழுதச் சொல், சந்தோஷமாகப் பதில் போடுகிறேன். அப்படியே ஹால்டேன் வேலை பார்த்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று விசாரித்துச் சொல்.

என் தம்பி மகன் ஜூலை மாசம் வேலை விஷயமாக அங்கே வருகிறான். நெத்திலிக் கருவாடு வேண்டுமா, சுறாக் கருவாடு வேண்டுமா என்று உடனே எழுது. உனக்கு பிரஷர் இருப்பதால் உப்பு குறைவாகப் போட்டுக் காயவைக்கச் சொல்ல வேண்டும், அதற்கு நாள் ஆகும்.

அன்புடன்,
பூங்கொடி