அந்த நீலக் கதவுக்குள் போய் வந்தேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நம்ம மண்டபம் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் அந்த பாருக்குள் போனேன். உன் அப்பா உட்கார்ந்த அதே பார். 2023 ஜூன் 22ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க 500 மதுக்கடைகளை மூடினார்களே, அதில் முன்பக்கத்துக் கடையும் போனது. பார்க்காரர் பாட்டில் விற்பதில்லையாம், எனக்கு இப்போதுதான் தெரியும். பாட்டில் விற்பது அரசாங்கக் கடை. பார் எடுத்தவருக்கு அப்போது டெண்டரில் கிடைத்தது தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேர்த்து விற்கவும் உரிமை, அவ்வளவுதான். கடை போனதும் பாரும் படுத்துவிட்டது. பூட்டிக் கிடந்த அந்த இடத்தை மீன் சாப்பாட்டுக் கடையாக மாற்றப் போகிறார்கள். பார் நடத்திய அண்ணனும் மதினியும் வீட்டுக்கே வந்து, சமையலுக்கு வரச் சொல்லிக் கேட்டார்கள். இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கதவு அதே நீலம்தான். வாசலில் கால் நின்றுவிட்டது. எதிரே அந்த வேப்பமரம் அப்படியே நிற்கிறது. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை பிடிக்கும். பங்குப் பணம் கைக்கு வந்ததும் அப்பா நேரே இங்கே வந்துவிடுவார். பொம்பளை உள்ளே போகக் கூடாதென்று உன்னை அனுப்பிவிட்டு நான் மரத்தடியில் நிற்பேன். உனக்கு எட்டு வயது. "அப்பா வரமாட்டேங்குறார்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நிற்பாய். கையில் யாரோ கொடுத்த கடலைப் பொட்டலம் இருக்கும். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை.

இப்போது பார்த்துவிட்டேன். ஜன்னல் இல்லாத நீள அறை. பகலிலும் இருட்டு. மூன்று வருஷம் பூட்டிக் கிடந்தும் அந்தப் புளித்த வாடை போகவில்லை. சிமெண்ட் மேஜைகளைச் சுவரோடு கட்டியிருக்கிறார்கள், அதன் விளிம்பு எட்டு வயதில் உன் நெற்றிக்குச் சரியாக வந்திருக்கும். அத்தனை பேர் காலுக்கு நடுவே நீ அப்பாவைத் தேடிப் போயிருக்கிறாய். நான் நிழலில் நின்றேன். நான் போயிருக்க வேண்டும் ராசா. ஊர் பேசும் என்று பயந்து பிள்ளையை அனுப்பினேன். இதை உன்னிடம் சொல்லாமல் அங்கே அடுப்பு பற்றவைக்க எனக்கு மனசு வராது.

கடையை மூடியதும் குடி நின்றுவிட்டது என்று நினைக்காதே. பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறார்கள், போக வரச் செலவு வேறு. அதனால் அந்த இடம் சாப்பாட்டுக் கடை ஆவதால் ஊர் திருந்திவிடும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையனுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. அது எனக்குப் பெரிசு.

அண்ணன் ஏசி, மெனு கார்டு என்று என்னென்னவோ பேசினார். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் போகிறது, ரோட்டிலும் ஆள் போகிறார்கள், மண்டபத்தில் நிறுத்திச் சாப்பிட மாட்டார்களா என்பது அவர் கணக்கு. மெனு கார்டு வேண்டாம், கரும்பலகை போதும் என்றேன். விசைப்படகு திங்கள், புதன், சனி போகிறது, மறுநாள் காலையில்தான் அந்த மீன் வரும். மற்ற நாளுக்கு நாட்டுப்படகு மீன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது சீலா மீன் வேண்டும், பாறை மீன் வேண்டும் என்று விலை கொடுத்துக்கொண்டிருந்தால் கடை நிற்காது. கருவாட்டுக் குழம்பும், நாட்டுப்படகில் வரும் நண்டும் சூடை மீனும் போதும். மிளகாய் நம்ம முண்டு வத்தல்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாக்கெட் பொடி வாங்கலாமா? வத்தலை நன்றாகக் காயவைத்து அரைத்தால் திருக்கைக் குழம்புக்கு வரும் நிறமே தனி. மதினி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"நான் அனுப்பும் பணம் போதாதா" என்று நீ கேட்பாய். போதும் தம்பி. ஆனால் கடல்பாசி எடுக்க இனி உடம்பு கேட்காது. விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கினால் அன்று ராத்திரி முழுக்கக் காது குடைகிறது. சும்மா உட்காரவும் எனக்குத் தெரியாது. அதனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சம்பளம் வாரக் கூலி, ஞாயிற்றுக்கிழமை கையில் தருவார்கள்.

முதல் வேலையாகத் தெற்குச் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வெல்டிங் வேலையில் இருப்பதால் கேட்கிறேன்: வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் புகை உள்ளே திரும்பாத மாதிரி புகைக்கூண்டை எந்தப் பக்கம் வைக்கலாம்? தகரம் உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்? வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார், அதற்குள் சொல்லு.

அம்மா