நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை தொடங்கும் வாரத்தில் ஆண்டுதோறும் ஒரே புலம்பல் கேட்கிறது: வயலில் விளைச்சல் இருக்கிறது, லாரி இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள் என்றும், வந்தவர்கள் ஒரு சீசன்கூடத் தங்குவதில்லை என்றும் விவசாயிகளும் லாரி உரிமையாளர்களும் ஆலைக்காரர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் தானிய லாரி ஓட்டிவிட்டு, பிறகு கடன் வாங்கி நான்கு லாரிகளுக்கு உரிமையாளராகி, ஆள் வராத நாளில் இன்றும் நானே ஸ்டியரிங் பிடிப்பவன் என்ற முறையில், இந்தப் புலம்பலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஓட்டுநரை வேலைக்குச் சேர்ப்பது உரிமையாளர்தான். ஆனால் அவரை விரட்டுவது பெரும்பாலும் கிடங்கு வாசலில் நிற்கும் வரிசை.

அந்த வரிசையில் நின்றறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விடியற்காலையில் வயலோரத்தில் பாரம் ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, இரண்டு மணி நேரம் ஓட்டி ஆலை வாசலுக்கு வருகிறார் ஓட்டுநர். அவருக்கு முன்னால் நாற்பது லாரிகள் நிற்கின்றன. வண்டியை விட்டு இறங்கி நிழல் தேடிப் போக முடியாது. முன்வண்டி இரண்டு அடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும், நகரத் தவறினால் பின்னால் இருப்பவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். பிற்பகலில் ஒருவர் நீண்ட குழாயைக் குவியலுக்குள் செருகி மாதிரி எடுத்துப் போகிறார். ஈரப்பதம் கூடுதல் என்று முடிவு வந்தால் லாரி ஓரங்கட்டப்படும். விவசாயிக்கும் ஆலைக்கும் இடையே விலைப் பேச்சு முடியும்வரை ஓட்டுநர் காவல்காரராக நிற்பார். தானியத்தில் ஈரம் இருந்ததற்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல. ஆனாலும் அந்த ஈரத்துக்கான அபராதத்தைத் தன் தூக்கத்தால் கட்டுபவர் அவர்தான். இரவு இரண்டரை மணிக்கு யாரோ கதவைத் தட்டி 'எடைமேடைக்கு ஏற்று' என்பார்கள். பாரத்தை இறக்கி முடித்ததும், தூங்காத கண்களோடு அவர் திரும்பி ஓட்ட வேண்டும், ஏனென்றால் அடுத்த வயலில் இயந்திரம் அறுத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் அவருக்குக் கிடைப்பது ஒரு நடைக்கான கூலியும் பேட்டாவும்தான். நான்கு மணி நேரத்தில் முடிந்த நடைக்கும் இருபது மணி நேரம் இழுத்த நடைக்கும் கூலியில் வேறுபாடு இல்லை. என்னிடம் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் ஓட்டுநர், சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். அதில் இரண்டே பத்திகள்: 'ஓடியது', 'நின்றது'. வேலையை விட்டு நின்ற அன்று அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. நோட்டைத் திறந்து கடைசி வாரத்தின் பக்கத்தைக் காட்டினார். ஓடியது 31 மணி, நின்றது 44 மணி. அந்த 44 மணிக்கு நான் கொடுத்தது ஒன்றுமில்லை. அவர் இப்போது கட்டுமானப் பொருள் ஏற்றும் ஒரு வண்டியை ஓட்டுகிறார். நடைக் கூலி என்னுடையதைவிடக் குறைவு, ஆனால் இரவில் வீட்டில் படுக்கிறார்.

இது எங்கள் ஒரு பகுதிக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைத் தணிக்கை செய்யும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, சரக்கு ஏற்றும் இறக்கும் இடங்களில் லாரி நிற்கும் நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கத்தக்க விபத்து விகிதம் சராசரியாக 6.2 விழுக்காடு உயரும் என்று மதிப்பிட்டது. கால் மணி நேரத்துக்கே இந்தக் கணக்கு. அதே நாட்டின் பெரிய நெடுந்தூர லாரி நிறுவனங்களில் 1995 முதல் 2017 வரை ஆள்மாற்ற விகிதம் சராசரியாக ஆண்டுக்கு 94 விழுக்காடு, அதாவது நூறு இருக்கைகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ அத்தனை புதிய ஆட்களைத் தேட வேண்டியிருந்திருக்கிறது. அங்கும் நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு ஓடிய மைலுக்குத்தான் பெரும்பாலும் கூலி. 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மிகுநேர ஊதிய உரிமையிலிருந்து அவர்களில் பெரும்பாலோரை விலக்கி வைத்தது, இன்றுவரை அந்த விலக்கு நீங்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வது உண்மையில் ஆள் தங்காமை. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கிணறு வற்றிவிட்டது என்கிறோம்.

வேளாண் சரக்குக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அதையும் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலங்களில் விளைபொருள் ஏற்றிய இடத்திலிருந்து 150 கடல் மைல், ஏறத்தாழ 278 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் அந்த வரம்பு பொருந்தாது. மழைக்கு முன் விளைச்சலைக் களத்திலிருந்து கரை சேர்க்க வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த விலக்கு அது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவசரம் விளைச்சலுக்கு, அதற்கான விலை ஓட்டுநரின் உடம்புக்கு என்று ஆகிவிடுவதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தபோதே, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும் என்றும் எழுதியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்த்தவருக்கு அந்தச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருந்தது?

எனவே ஆள் பிடிக்கும் வழிகளைப் பற்றி மட்டும் பேசுவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பிரிட்டன் 2021-இல் ஓட்டுநர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கு 5,000 தற்காலிக விசாக்களை அறிவித்தது. சில மாதங்களுக்கு மட்டும் வந்து போகச் சொன்ன அந்த அழைப்பை ஏற்றவர்கள் மிகக் குறைவு. இங்கே உரிமையாளர்கள் நம்புவது முன்பணத்தை. பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் ஓட்டுநர் கட்டுண்டு கிடப்பார் என்பது பழைய எண்ணம். அப்படிக் கட்டப்பட்ட ஒருவர், அறுவடையின் நடுவில், பாரத்தோடு லாரியை ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சாவியை அங்கிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த முன்பணத்தை இன்னும் என் கணக்கில் வரவேண்டியதாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை. குளிரூட்டப்பட்ட கேபினையும் ஒரு தீர்வாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு 2025-இலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பவருக்கு அதனால் பயன் குறைவு.

புதியவர்களை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு விடை வேளாண் பகுதியிலேயே இருக்கிறது என்பது என் அனுபவம். டிராக்டரோடு டிரெய்லரைப் பூட்டி, குறுகிய வரப்புப் பாதையில் பின்னோக்கி ஓட்டத் தெரிந்த இளைஞரிடம், லாரிக்கு வேண்டிய திறமையில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. வேலை கேட்டு வருபவரிடம் நான் முதலில் உரிமத்தைப் பார்ப்பேன், அடுத்து டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கச் சொல்வேன். அவர் எத்தனை முறை இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கிறார் என்பதை எண்ணுவேன். கூச்சப்படாமல் மூன்று முறை இறங்கிப் பார்ப்பவரை எடுத்துக்கொள்வேன், ஒரே வீச்சில் எடுத்துக் காட்டுபவரிடம் சற்று யோசிப்பேன். வயலோரப் பாரம் நெடுஞ்சாலைப் பாரம் போன்றதல்ல. சரிவான மண்ணில் டிப்பர் பெட்டியைத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். தூக்கிய பெட்டியோடு நகர்ந்தால் வயலின் குறுக்கே போகும் மின்கம்பியில் உரசும். பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் அலைபாய்ந்து, பிரேக் பிடித்த பிறகும் வண்டியை முன்னே தள்ளும். இவற்றையெல்லாம் எந்த உரிமத் தேர்விலும் கேட்பதில்லை. அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு மாதம் ஓடினால்தான் வரும், அந்த ஒரு மாதத்துக்கும் முழுக்கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

எடுத்தவரைத் தக்க வைப்பதற்கு அறுவடைக்கு வெளியே உள்ள மாதங்களைக் கவனிக்க வேண்டும். சீசனில் இரு மடங்கு ஆள் வேண்டும், சீசன் முடிந்ததும் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்ற நிலையில், வேலையில்லாத மாதங்களில் பிழைக்க வேறு தொழிலுக்குப் போனவர் அடுத்த அறுவடைக்குத் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? விதை, உரம், தீவனம் உள்ளே வரும் மாதங்களையும் விளைச்சல் வெளியே போகும் மாதங்களையும் கோத்துப் பார்த்தால், நான்கு லாரிகளில் மூன்றுக்கு ஆண்டு முழுவதும் ஓட்டம் பிடிக்க முடிகிறது. நான்காவது ஓட்டுநருக்குப் பழுதுபார்க்கும் மாதங்களில் அடிப்படைச் சம்பளம் கொடுக்கிறேன். அந்தச் செலவு எனக்கு வலிக்கிறது. ஆனால் அறுவடையின் முதல் நாளில் ஆக்டிங் டிரைவரைத் தேடி அலைவதைவிடக் குறைவாகவே வலிக்கிறது.

மீண்டும் வரிசைக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றவற்றை நான் சரி செய்ய முடியும், வரிசையை என்னால் தனியாகச் சரி செய்ய முடியாது. ஆலை நிர்வாகிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: விளைச்சல் மூன்று வாரத்தில் மொத்தமாக வருகிறது, அந்த மூன்று வாரத்துக்காக மூன்று எடைமேடைகளும் ஆறு இறக்குமிடங்களும் கட்டினால் மீதி ஆண்டு முழுவதும் அவை தூசி படிந்து கிடக்கும். இது நியாயமான பதில்தான். ஆனால் வரிசையை ஒழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதற்கு விலை வைக்கச் சொல்கிறோம். ஸ்பெயின் 2022 மார்ச்சில் பிறப்பித்த அரசாணைச் சட்டம், இழப்பீடு இல்லாமல் லாரி காத்திருக்க வேண்டிய நேரத்தை 2 மணியிலிருந்து 1 மணியாகக் குறைத்தது, 7.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களின் ஓட்டுநர்களைக் கொண்டு, சில விதிவிலக்குகள் தவிர, சரக்கு ஏற்றவோ இறக்கவோ செய்யக் கூடாது என்றும் சொன்னது. ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டுநரின் களைப்புக்குச் சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர் ஆகியோரையும் பொறுப்பாளிகள் ஆக்கியிருக்கிறது. நிற்க வைத்தவருக்கும் சாலையில் நடப்பதில் பங்கு உண்டு என்று சட்டமே சொன்னால், வரிசைகள் தாமாகவே சற்றுச் சுருங்கும் என்று நினைக்கிறேன். வருகைக்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தை முன்கூட்டியே விவசாயிக்குச் சொன்னால் பாதி லாரிகள் வாசலில் நிற்பதற்குப் பதிலாக வயலோர மரத்தடியில் நிற்கும். ஓட்டுநரும் அங்கே நிம்மதியாக உறங்குவார்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு ஆலைகள் நெடுநேரக் காத்திருப்புக்கு ஹால்டிங் தொகை கொடுத்ததுண்டு. பல ஆண்டுகளாக அந்தத் தொகையை நான் வாங்கி லாரியின் தவணைக்குக் கட்டினேன். நின்றவர் வேறொருவர் என்பது எனக்கு உறைக்கவேயில்லை, அந்த நோட்டைப் பார்க்கும்வரை. இழப்பீடு லாரிக்குச் சேர்வது ஒன்று, ஓட்டுநருக்குச் சேர்வது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதாத எந்த ஏற்பாடும் என்னைப் போன்றவர்களின் பையில்தான் போய் நிற்கும். இந்தச் செலவு இறுதியில் தன் தலையில் விழும் என்று விவசாயி அஞ்சுவதிலும் பொருள் இருக்கிறது. ஒரு பகுதி விழத்தான் செய்யும். அறுத்த விளைச்சல் ஓட்டுநர் இல்லாமல் இரண்டு நாள் திறந்த வெளியில் நனைந்தால் எவ்வளவு போகும் என்பதையும் அதனோடு சேர்த்துப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. எடைச் சீட்டில் இப்போது இரண்டு நேரங்கள் அச்சாகின்றன: பாரத்தோடு எடை போட்ட நேரம், காலி வண்டியை எடை போட்ட நேரம். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை என்பதால், சீட்டைப் பார்ப்பவருக்கு எல்லாம் விரைவாகவே நடப்பதாகத் தோன்றும். அதற்கு முன் வாசலில் கழிந்த பதினைந்து மணி நேரம் எந்தக் காகிதத்திலும் இல்லை. லாரி வரிசையில் சேர்ந்த நேரத்தை மூன்றாவதாக அந்தச் சீட்டில் அச்சிட வேண்டும். கொள்முதல் செய்யும் அரசு அமைப்புகள் இதில் முன்னே நடந்தால் தனியார் ஆலைகளும் பின்னே வரும். கடந்த அறுவடை முதல் என் ஓட்டுநர்களிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, வாசல் காவலரிடம் வந்த நேரத்தை எழுதிக் கையொப்பம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் போகும் ஐந்து இடங்களில் இரண்டில் கையொப்பம் போடுகிறார்கள். ஒன்றில், காவலர் நேரத்தை எழுதித் தருகிறார், பெயரை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். மற்ற இரண்டில் அட்டையைக் கையில் வாங்கவே மறுக்கிறார்கள்.

இப்படிக்கு,
வேளாண் சரக்கு லாரி உரிமையாளர் ஒருவர்