அந்தச் சின்னப் பொட்டலம்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். மான்செஸ்டரில் மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு.

மேலக்காட்டில் பருத்தி காய் பிடித்திருக்கிறது. நேற்றுக் காலை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத பச்சைக் காய் ஒன்றைப் பறித்துப் பிளந்தேன். ஓர் அறையில் மட்டும் பஞ்சு பழுப்பேறியிருக்க, விதையைக் குடைந்தபடி இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒன்று அதனுள் கிடந்தது. குஞ்சாக இருக்கும்போதே உள்ளே போய்விடுவதால், காய் பருக்கப் பருக்க அது நுழைந்த துளை தூர்ந்துபோகிறது. "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்று மட்டும் சொல்லி நீ தொலைபேசியை வைத்துவிடுவது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

சென்ற முறை வந்தபோது, உங்கள் ஊர் அந்துப்பூச்சியைப் பற்றிச் சொன்னாய். ஆலைப் புகையால் மரங்கள் கறுத்துப்போன காலத்தில் வெளிர்நிறப் பூச்சிகளைக் குருவிகள் பொறுக்கித் தின்றதால், 1848இல் அங்கே அரிதாகக் கண்ட கறுப்புப் பூச்சிதான் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எங்கும் நிறைந்தது என்றாய். எந்தப் பூச்சியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, தப்பியவற்றின் பிள்ளைகளே பெருகின என்று அழுத்திச் சொன்னாய். நம் ஊரில் பூச்சியின் மரபணுவைப் படிக்கப்போன முதல் பெண் நீ என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நம் காட்டுப் புழுவைப் பற்றிக் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போட உனக்கு நேரம் இல்லை.

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றி 2002இல் வந்த பி.டி. பருத்தியின் நஞ்சு, புழுவின் குடலில் உள்ள கேடரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அதைக் கொல்கிறது. அந்த மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் பழுதாக வந்த புழுவிடம் நஞ்சுக்குப் பிடிப்பில்லை. 2010இல் குஜராத்தில் முதல் நஞ்சு தோற்றது. 2006இல் சேர்த்த இரண்டாவது நஞ்சும் வேறொரு மரபணு பழுதானதால் சில ஆண்டுகளில் தோற்றது. பச்சைக் காய்ப்புழு துவரை, கடலை, தக்காளி என்று எதையும் தின்று பிழைக்கும். நம் இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் வேறு இரை அநேகமாக இல்லை. ஆகவே பக்கத்தில் சாதாரணப் பருத்தி சில வரிசை இருந்தால், அதில் புழுவாக வளர்ந்து பறக்கும் அந்துகள் நஞ்சுக்குத் தப்பியவற்றோடு கூடி, ஒருவழியில் பழுதில்லாத மரபணுவோடு பிறக்கும் குஞ்சுகள் மீண்டும் நஞ்சுக்கு மடியும். அரிசோனாவில் உழவர்கள் அப்படி ஒழுங்காக விட்டார்கள். பிறகு மலட்டு அந்துகளையும் பறக்கவிட்டு, 2018இல் அமெரிக்கப் பருத்தியில் இந்தப் புழு ஒழிந்ததாகவே அறிவித்துவிட்டார்கள்.

அந்த வரிசைக்கான விதை நம்மிடமும் இருந்தது, அம்மா. 2007இல் 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளையான நீ அதிலிருந்த தாளைப் படித்துவிட்டு, "சுற்றிலும் ஐந்து வரிசை ஊன்ற வேண்டுமாம் அப்பா" என்றாய். களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் "புழுவுக்குச் சோறு போடச் சொல்கிறாயா, போய்ப் பாடத்தைப் படி" என்று அத்தனை பேர் முன்னால் உன்னைக் கடிந்து, பொட்டலத்தைக் குப்பைக்குழியில் எறிந்தேன். அதன்பிறகு நீ காட்டைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. சென்ற ஆடியில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உன்னிடம் நான் பேசியதும் அதே குரலில்தான் என்பது, நேற்று அந்தக் காயைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

விதைக்குள்ளும் பறித்து முடிந்த பருத்திச் செடியின் மாறிலும் புழு உறங்கிக் கிடக்கும் என்பதால், பங்குனிக்குள் மாறு முழுவதையும் பிடுங்கிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்து இனி ஐந்து வரிசை விட்டால் பயன் உண்டா என்று எழுது. திண்ணையில் நீ சொல்லவந்து நிறுத்தியதையும் எழுது. இம்முறை முழுவதும் படித்த பிறகே பதில் சொல்வேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா