கியூபெக் மொழிப்பூசலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம், பிரெஞ்சு என்ற கனடாவின் இருமொழிக் கொள்கையைப் பாராட்டித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தலைநகர் ஒட்டாவாவில் 1969இல் நிறைவேறிய அலுவல் மொழிகள் சட்டத்தை விரிவாக எடுத்துரைத்த கட்டுரையாளர், கியூபெக் மாகாணத்தின் மொழிச்சட்டங்களை மட்டும் மொழிவெறி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அம்மாகாணத்தின் பெருநகரான மொன்றியலில் குடியேறி, பிள்ளைகளை இங்குள்ள பிரெஞ்சுப் பள்ளிகளில் படிக்கவைத்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரியோடு என்னால் உடன்பட முடியவில்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தமக்குள் மோதிக்கொள்ளும் பழைய பங்காளிச் சண்டையாகவே அவர் இதைப் பார்க்கிறார். ஆனால் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பூசலின் நடுவே இருப்பது, இந்த இரண்டு தரப்பிலும் சேராத குடியேறிகளின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்ற கேள்விதான்.

1960களில் மொன்றியலின் ஆலைகளிலும் வங்கிகளிலும் மேலதிகாரியின் மொழி ஆங்கிலம், அவருக்குக் கீழே வேலை செய்தவர்களின் மொழி பிரெஞ்சு. இருமொழி பற்றி ஆராய அக்காலத்தில் மத்திய அரசு அமைத்த ஆணையம், கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்களின் சராசரி வருமானம் பெரும்பாலான பிற இனத்தவரின் வருமானத்தைவிடக் குறைவு என்று கண்டறிந்தது. மாகாண மக்களில் எண்பது விழுக்காட்டினர் அவர்களே என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களுடைய கோபத்தின் ஆழம் விளங்கும். அதுவரை பெரிய குடும்பங்களே அவர்களின் எண்ணிக்கையைக் காத்துவந்தன. பிறப்பு விகிதம் திடீரென்று சரிந்தபோது, புதிதாக வந்து குடியேறுவோர் எந்தப் பக்கம் சேர்கிறார்கள் என்பது வாழ்வா சாவா என்ற பிரச்சினையாயிற்று. வந்தவர்களோ, பிழைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அப்பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் படித்தது ஆங்கிலத்தில்தான்.

மொன்றியலின் வடகிழக்கில் இருக்கும் சென்-லெயோனாரில் இது வெடித்தது. அங்கு இருமொழி வகுப்புகளை மூடிவிட்டுப் பிரெஞ்சு வகுப்புகளை மட்டும் நடத்தப் பள்ளி நிர்வாகம் 1968இல் முடிவெடுத்தது. இத்தாலியப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தெருச்சண்டையே மூண்டது. பெற்றோர் விரும்பிய மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 1969இல் கியூபெக்கில் ஒரு சட்டம் வந்தது. ஆங்கிலம் தெரியும் என்று தேர்வெழுதிக் காட்டினால்தான் குழந்தைக்கு ஆங்கிலப் பள்ளி என்று 1974இல் இன்னொன்று வந்தது. ஐந்தாறு வயதுக் குழந்தையை உட்கார்த்திவைத்து மொழித்தேர்வு நடத்திய அந்தக் கூத்தை இரு தரப்பாருமே வெறுத்தார்கள். கடைசியில் 1977இல், கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கின் அரசு கொண்டுவந்த 101ஆம் இலக்கச் சட்டம், குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளியைக் கட்டாயமாக்கியது.

நம்மவர்கள் பெருமளவில் இங்கு வந்துசேர்ந்தது அதற்குப் பிறகு, 1980களில். யாழ்ப்பாணத்திலிருந்து ஓரளவு ஆங்கிலத்தோடு வந்த பெற்றோர், பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாதவர்களாய் இருந்தார்கள். பிள்ளைகள் வரவேற்பு வகுப்பில் சில மாதங்கள் இருந்து பிரெஞ்சு பழகி, பிறகு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தார்கள். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைத் தாய் தகப்பனுக்கு வாசித்துச் சொல்வது பத்து வயதுப் பிள்ளையின் பொறுப்பாயிற்று. தன் மதிப்பெண் குறைந்ததற்கான காரணத்தையும் அதே பிள்ளைதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்ததால், மொழிபெயர்ப்பு எப்போதும் நேர்மையாக இருந்தது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ‘இங்கே படித்து என்ன பயன்’ என்று ஆங்கிலம் வழங்கும் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழும் வேலையிடத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளில் புழங்குகிறார்கள். பள்ளிகள் பற்றிய அந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அது இல்லாதிருந்தால் மொன்றியல், ஆங்கிலமே மேலோங்கிய இன்னொரு ஒட்டாவாவாகியிருக்கும்.

கட்டுரையாளர் போற்றும் இருமொழியின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பின்படி கியூபெக்கில் 46.4 விழுக்காட்டினர் இரு மொழிகளிலும் பேசக்கூடியவர்கள்; கியூபெக்குக்கு வெளியே அது 9.5 விழுக்காடு. மானிடோபா மாகாணம் 1890இல் பிரெஞ்சின் அலுவல் தகுதியைப் பறித்தது. ஒன்ராறியோ மாகாணம் 1912இல் பிரெஞ்சு வழிக் கல்வியைத் தொடக்க வகுப்புகள் இரண்டோடு நிறுத்தியது. ஒட்டாவாவில் பிரெஞ்சில் சிகிச்சையளித்துவந்த மொன்ஃபோர்ட் மருத்துவமனையை மூடச்சொல்லி 1997இல் உத்தரவு வந்தபோது, அதைக் காப்பாற்ற அங்குள்ள பிரெஞ்சுக்காரர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடவேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கியூபெக்கின் அச்சத்தை மட்டும் வெறி என்பது நடுநிலை ஆகாது.

அதற்காக, கியூபெக் அரசு செய்வதெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. 2022இல் நிறைவேறிய 96ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புதிதாகக் குடியேறியவரோடு அரசு அலுவலகங்கள் ஆறு மாதங்களுக்குப் பிறகு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். சுகாதாரம், பொதுப்பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவி, இரவில் இன்னொரு வேலைக்கு ஓடும் ஒருவர் ஆறே மாதத்தில் வரிக் கடிதத்தை வாசிக்கும் அளவுக்குப் பிரெஞ்சு கற்றுவிடுவார் என்று எண்ணியவர்கள், அப்படி ஒரு வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

அதே சட்டம், பள்ளிக்குப் பிந்தைய செஜெப் கல்லூரிகளில் ஆங்கிலவழி இடங்களை மொத்த மாணவர்களில் 17.5 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. அந்த இடங்களில் முன்னுரிமை, ஆங்கிலப் பள்ளியில் படிக்கச் சட்டப்படி தகுதி பெற்றவர்களுக்கே. கனடாவில் ஆங்கிலவழியில் படித்த பெற்றோரின் வழியாகவே அந்தத் தகுதி பொதுவாகக் கிடைக்கும் என்பதால், நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அரசு கேட்டபடி பதினொரு ஆண்டுகள் பிரெஞ்சில் படித்துத் தேறிய பிள்ளை, பதினேழு வயதில் ஆங்கிலக் கல்லூரி ஒன்றில் கணினியியல் படிக்க விரும்பினால், வரிசையின் பின்னால் நிற்கவேண்டியிருக்கிறது. 101ஆம் இலக்கச் சட்டத்தை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட குடும்பங்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இது பற்றி மொன்றியல் ஆங்கிலேயர்கள் எழுப்பும் குரலில் அவர்களின் சொந்த நலனும் கலந்திருக்கிறது என்றாலும், இந்த ஒன்றில் அவர்கள் சொல்வது சரி.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த மொன்றியல் தமிழ் இளைஞர்கள் சிலரிடமும் கருத்துக் கேட்டு எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மொன்றியல்.