மூன்றாவது சிரப் பாட்டிலைத் தர மறுத்த அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

ஆறு மாத டிபி மாத்திரை முடிந்துவிட்டது. கடைசியாகக் கொடுத்த சளியிலும் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நேரில் போய்ச் சொன்னால் "அட, இதுக்கெல்லாமா" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிற ஆட்கள் இவர்கள். எழுதிப் போட்டால் யாராவது படித்துக் காட்டுவார்கள், தப்பிக்க முடியாது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நைட்டி தைக்கிற யூனிட்டில் பவர் மெஷின் ஓட்டுகிறவள். பெயர் போடவில்லை. எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வம்பு வேண்டாமே என்றுதான். நன்றிக்குரியவர்களின் பெயரும் இதில் இருக்காது. அவரவருக்குத் தெரியும்.

முதலில் மெடிக்கல் ஷாப் அண்ணன். எங்கள் யூனிட்டில் இருமாத ஆள் கிடையாது. துணி வெட்டும்போது பறக்கிற தூசிக்கு எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இருமுவோம். அதனால் என் இருமலை நானும் கண்டுகொள்ளவில்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. இடையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் அடங்கியது, அப்புறம் திரும்பி வந்தது. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் டிபி கிருமியைக் கொல்லாமல் கொஞ்ச நாள் அமுக்கி மட்டும் வைக்குமாம், கண்டுபிடிப்பது தள்ளிப்போய்விடுமாம். பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது சிரப் வாங்கப் போனபோது அண்ணன் பாட்டிலை எடுக்கவே இல்லை. "ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிடுச்சா?" என்றார். ஆயிடுச்சு. "சாயங்காலம் சாயங்காலம் லேசா காய்ச்சல் அடிக்குதா?" அடிக்குது. "ராத்திரி வேர்க்குதா?" சென்னையில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் படுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எடை குறைஞ்சிருக்கா?" என்றார். எடை பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் என் ஜாக்கெட்டுகளின் பக்கத் தையலை நானே இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்திருந்தேன். இரண்டாவது தடவை பிடித்தபோது கைக்குழி வரை சுருக்கம் விழுந்தது, துணி சரியில்லை என்று துணியைத் திட்டினேன். அதைச் சொன்னதும், "ரத்தம் வரட்டும்னு காத்திருக்காத. நிறைய பேருக்கு வர்றதே இல்ல. நாளைக்குக் காலையில மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய் சளி டெஸ்ட் குடு, காசு கிடையாது" என்று அனுப்பிவிட்டார். ஒரு பாட்டில் வியாபாரத்தை அவர் விட்டது இருக்கட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை, கடையில் நின்றுகொண்டு அவர் கேட்டார்.

அடுத்து லேப் அக்கா. சளி கொடுப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. வாய் அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். நான் துப்பிக் கொண்டுபோனதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எச்சில்மா. எனக்கு நெஞ்சுச் சளி வேணும்" என்றார். கட்டிடத்துக்கு வெளியே, ஆள் இல்லாத திறந்த இடத்துக்குக் கூட்டிப் போய், வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னார். கெட்டியாக, மஞ்சள் கலந்து வந்தது. "இதுதான்" என்றார், ஏதோ தங்கம் கிடைத்த மாதிரி. அங்கேயே ஒன்று, மறுநாள் காலையில் எழுந்தவுடன் ஒன்று, ஆக இரண்டு டப்பா. உள்ளே அத்தனை நெருக்கடியிலும் ஒருவரையும் அவர் முகம் சுளித்து அனுப்பியதை நான் பார்க்கவில்லை. எச்சிலை வைத்துப் பார்த்தால் இருக்கிற கிருமியும் தெரியாமல் போகும், நோய் இல்லை என்று நம்பி ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு டப்பாவுக்கு அவர் அடம்பிடித்ததன் அருமை அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

முன்பெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மட்டும்தானாம். சளியில் கிருமி நிறைய இருந்தால்தான் அதில் தெரியும். வளர்த்துப் பார்ப்பதென்றால் வாரக்கணக்கில் ஆகும், அவ்வளவு மெதுவாக வளர்கிற கிருமி இது. இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்று மெஷின்கள் வந்திருக்கின்றன. சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்லிவிடும், முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் அதன்மேல் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. எனக்கு அதில்தான் பார்த்தார்கள். கிருமி இருந்தது, மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான். கூடவே எக்ஸ்ரே, சர்க்கரை, எச்ஐவி பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். டிபி என்று வருகிற எல்லோருக்கும் எடுப்பார்களாம்.

இனி ஹெல்த் விசிட்டர் தம்பி. இவரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் சந்தில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் ரேஷன் கடை வரை செய்தி போய்விடும். சொல்லாமலே புரிந்துகொண்டார். வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தி, அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தையல் கொடுக்க வந்தவர் போல ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் இருந்தது என் மாத்திரை.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, தட்டு டம்ளரைத் தனியாக எடுத்து வை, குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர்மேல் குற்றம் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். தம்பி தட்டை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "தட்டைப் பிரிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லக்கா. ஜன்னல் எங்க?" என்றார். எங்கள் ஒற்றை அறைக்கு ஒரே ஜன்னல். அதன்மேல் பீரோ சாய்ந்து நின்றது. கல்யாணத்துக்கு வந்த பீரோ, வந்த நாளிலிருந்து அங்கேதான்.

அன்று அவர் என் வீட்டுக்காரர், அத்தை, மகள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னதை இங்கே அப்படியே போடுகிறேன், யாருக்காவது உதவும். நுரையீரலில் டிபி இருக்கிறவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போதுகூட கிருமி காற்றில் கலக்கிறது. மூடிய அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும், அதே காற்றை நாள் கணக்கில் சுவாசிக்கிறவருக்குத்தான் தொற்றும். காற்றோட்டம் இருந்தால் கலைந்துபோகும், வெயில் பட்டால் கிருமி சாகும். சாப்பாடு, டம்ளர், போர்வை, கை கொடுப்பது, கட்டிப்பிடிப்பது எதனாலும் பரவாது. தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. பெரும்பாலானவர்கள் உடம்பில் கிருமி ஆயுசு முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். பத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாக, அது எழுந்துகொள்கிறது. சத்துக் குறைவு, சர்க்கரை, எச்ஐவி, குடி, சிகரெட் இருந்தால் எழுந்துகொள்ள வாய்ப்பு கூடுதல். கழுத்து நெறி, எலும்பு, குடல் என்று வேறு இடத்தில் மட்டும் வருகிற டிபி பொதுவாக அடுத்தவருக்குப் பரவுவதில்லை. சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் போனால் நுரையீரல் டிபிகாரரிடமிருந்து பரவுவதும் வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை மாஸ்க், இருமும்போது துணி.

அத்தை மட்டும் விடவில்லை. "சின்னதுல ஊசி போட்டிருக்கே, கையில தழும்பு இருக்கே?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த பிசிஜி ஊசி குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி கொடிய டிபி வராமல் காக்கும், பெரியவர்களின் நுரையீரல் டிபியை நம்பகமாகத் தடுக்காது என்றார் தம்பி. பக்கத்தில் செங்கல்பட்டில் 1968-இல் ஆரம்பித்து வருடக்கணக்கில் நடந்த ஆய்வில் வெளிவந்த விஷயமாம் இது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரும் மாடி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் கரப்பான் குடும்பம், காணாமல் போன என் கத்தரிக்கோல், ஒரு ரேஷன் கார்டு நகல். பையன்களுக்கும் நன்றி. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்கள். அன்று ராத்திரி அத்தை எனக்குத் தனியாக எடுத்து வைத்த தட்டை எடுத்து, அதில் அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, பயப்பட எல்லா நியாயமும் உண்டு. அத்தைக்கு நன்றி சொன்னால் கோபம் வரும், ஆகையால் இத்தோடு விடுகிறேன்.

வீட்டில் மூன்று பேருக்கும் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மகள் தினமும் "எனக்கு வராத நோய்க்கு நான் ஏன் முழுங்கணும்" என்று சண்டை போட்டாள். முழுங்கியும் முடித்தாள். அவளுக்கு ஒரு சைக்கிள் பாக்கி.

யூனிட் முதலாளி அக்காவுக்குப் பெரிய கும்பிடு. விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் குழம்பியபோது, எங்களோடு ஒரே அறையில் நாள் முழுக்க உட்காருகிற மற்றவர்களையும் பார்க்க வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் தம்பி. சொன்னேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "உன் மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுடலாம். இருமல் நிக்கிற வரைக்கும் பீஸ் வீட்டுக்கு அனுப்புறேன், பட்டன் ஹோல் மட்டும் இங்க போட்டுக்குறோம்" என்றார். ரேட்டும் குறைக்கவில்லை. ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி ரிப்பேர் செய்தார். மாநகராட்சியின் எக்ஸ்ரே வண்டி தெருமுனைக்கு வந்தபோது கடையைப் பூட்டி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார், தானும் நின்றார். யாருக்கும் எதுவும் இல்லை. ஒரு பெண் மட்டும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். கைக்குழந்தைக்காரி, நான் தப்பாக நினைக்கவில்லை.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, எடைக்குத் தகுந்த எண்ணிக்கை. எனக்கு அப்போது 41 கிலோ, அதனால் தினம் மூன்று. இரண்டு மாதத்துக்குப் பிறகு நாலில் ஒரு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு கலராகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் முதல் நாளே நிறுத்தியிருப்பேன். கண் மஞ்சளானாலும் பார்வை மங்கினாலும் மட்டும் உடனே வா என்றார்கள். எனக்கு வந்தது குமட்டல்தான். காசிமேட்டு மீன் இல்லாமல் ஒரு நாளும் சாப்பிடாத எனக்கு, வறுக்கிற வாசனை வந்தாலே புரட்டும். சந்து முனையில் இட்லி சுடுகிற ஆயா, அடுப்பு பற்றவைத்ததும் முதல் ஈட்டு இட்லியை எனக்கு எடுத்து வைப்பார், கூட ஒரு அவித்த முட்டை. சத்துணவுக்காக அரசாங்கம் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. முன்பு 500, 2024 நவம்பரிலிருந்து இப்படி. பணம் வருகிற வரைக்கும் ஆயா கணக்கு எழுதினார், வந்தபிறகு பாதிக் கணக்கைக் கிழித்துப் போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் உடம்பு தேறிய மாதிரி இருந்தது, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த வாரமே தம்பி வந்து நின்றார். எத்தனை பேரைப் பார்த்திருப்பார், எந்த வாரத்தில் அந்த நினைப்பு வரும் என்று அவருக்குத் தெரியும்போல. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம், அதற்கு வைத்தியம் இன்னும் கடினம்.

கடைசியாக, நான் பார்த்தே இராதவர்களுக்கு ஒரு நன்றி. டிபி என்றதும் அத்தை, "தாம்பரத்துக்கு அனுப்பிடுவாங்களா?" என்றுதான் கேட்டார். அவர் காலத்துப் பயம் அது. 1928-இல் அங்கே ஆரம்பித்த சானடோரியத்தின் பெயரில்தான் ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறது. என்னை ஏன் எங்கும் அனுப்பவில்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்ன கதை இது. 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கினார்கள், இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். நம் சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியை நல்ல சாப்பாடும் படுக்கையும் உள்ள சானடோரியத்துக்கும், இன்னொரு பாதியை அவரவர் நெருக்கடி வீட்டுக்கும் அனுப்பி, இரு பக்கத்துக்கும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகவும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க டிபிக்கு வீட்டிலேயே வைத்தியம் என்று மாறியது. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு தினமும் மருந்து முழுங்கி, சளியும் சிறுநீரும் கொடுத்து, வருகிறவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன அந்த மனிதர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் என் மகள் பக்கத்தில் படுத்துக் குணமானது அவர்கள் போட்ட வழியில்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். லேப் அக்கா, டப்பாவைத் தயாராக வையுங்கள், இந்தத் தடவை எச்சில் வராது. இதைப் படிக்கிற யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து மாநகராட்சி ஆஸ்பத்திரியில் சளி கொடுங்கள். போக யோசனையாக இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். எங்கள் ஏரியாக்காரராக இருந்தால் இட்லி ஆயாவிடம் சொல்லி அனுப்புங்கள், துணைக்கு நான் வருகிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம், ஆர்டர் நெருக்கடி.

இப்படிக்கு,
எம்.சி. ரோடு பின்சந்து டெய்லர்